கவ்வாத்துக்கார மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

கஹவத்தையில் உங்களிடம் கவ்வாத்துக் கத்தி பிடிக்கப் பழகியவர்கள் நிறையப் பேர். வண்டைக் கண்டதும் மருந்துப் போத்தலைத் தேடாமல் இருக்கப் பழகியவள் நான். அதற்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பென்சில் பருமனுள்ள தேயிலை வாதொன்றை நெடுக்காகப் பிளந்து காட்டினீர்கள். வெளியே ஒரு சின்னத் துளை. உள்ளே கறுத்துப்போன சுரங்கம், அதில் வெள்ளைப் புழுக்களோடு இரண்டு மில்லிமீட்டர் நீளத் தாய் வண்டு. மரத்தை அது தின்பதில்லையாம். வாயில் சுமந்து வந்த பூஞ்சணத்தைச் சுரங்கச் சுவரில் வளர்த்து, அதையே பிள்ளைகளுக்கும் கொடுக்கிறதாம். நம் தோட்டத்துக்குள் அதற்கொரு தோட்டம்! கவ்வாத்து முடிந்த இரண்டாம், மூன்றாம் வருடங்களில் கொழுந்தெடுப்பவர்கள் சாய்ந்தாலே வாது முறிவது இதனால்தான்.

பிறகு, செஞ்சிலந்தி பிடித்துச் செம்பு நிறமாகிப்போன இலையொன்றைத் திருப்பினீர்கள். அதில் ஓடியதும் கறுப்பு வண்டுதான், அளவும் ஏறக்குறைய அதேதான். ஆனால் துளைவண்டு உருளை; இது முதுகு உயர்ந்து, மெல்லிய மயிர் படர்ந்த பொறிவண்டு. சிவப்பும் கிடையாது, புள்ளியும் கிடையாது என்பதால் பொறிவண்டென்று யாரும் மதிப்பதில்லை, பாவம். செஞ்சிலந்தியையும் அதன் முட்டையையும் தின்று தீர்ப்பதே அதற்குப் பிழைப்பு. மருந்தடித்தால் முதலில் சாவது வெளியில் திரியும் இதுதான். வாதுக்குள் இருப்பவளுக்குக் கூரை இருக்கிறது.

அந்தக் கூரையையும் மீறிய மருந்து வராமல் இல்லை. 1892-இல் நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலையில் தென்பட்ட துளைவண்டுக்கு 1950களில் டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டு குறைந்தது. கூடவே, 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னக் குளவியும் செத்தது. அதுவரை அந்தக் குளவிக்கு அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மலை மலையாகப் பெருகியது. ஒரு பூச்சிக்கு அடித்து இன்னொரு பூச்சியை விலைக்கு வாங்கினார்கள்.

அதற்காக எல்லா வண்டுக்கும் பரிந்து பேசுகிறவரும் அல்ல நீங்கள். தென்னங்குருத்தில் காண்டாமிருக வண்டு ஏறிவிட்டால் கம்பிக் கொக்கியோடு நீங்களும் ஏறிவிடுவீர்கள். உரக்குழியைக் கிளறி அதன் கொழுத்த புழுக்களைக் கோழிகளுக்குப் போடுவீர்கள். மாமியின் கோழிகளும் உங்களுக்கு ஒரு மடல் எழுத வேண்டியவைதான்.

எங்கள் மேட்டுத் துண்டுக்கு அடுத்த வருடம் கவ்வாத்து. கத்தி தீட்டித்தரத் தம்பியை அனுப்புகிறேன். முதல் செடியை நீங்களே வெட்டித்தர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்