பத்துக்குப் பத்து அறையில் பாட்டு

கணியூர் என்றதும் சேலம்–கோவை நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை நினைப்பவர்களுக்கு: இது வேறு. மடத்துக்குளம் வட்டம், அமராவதிப் பாசனம், தென்னையும் நெல்லும். இங்கே கட்டுகிற வீடுகளில் படுக்கையறை பத்துக்குப் பத்து. கொஞ்சம் இடமிருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு. உயரமும் பத்தடிதான். பனியன் கம்பெனியில் போனஸ் வாங்கிய அக்கா மகன் அப்படியொரு அறைக்கு ஸ்பீக்கர் தேடுகிறான். அவனுக்காகக் குறித்து வைத்தவை இவை.

*

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாயிருக்கும் அறை பாட்டுக்கு ஆகாது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 343ஐ 6.1ஆல் வகுத்தால் 56. அந்த 56 ஹெர்ட்ஸ் ஒலி எழும்போதெல்லாம் அறை தானும் சேர்ந்து அதிரும். மூன்று திசையிலும் அதே எண் என்பதால் அதிர்வு மும்மடங்கு வம்பு.

பேஸ் கிதாரில் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் கிதார் அந்தச் சுரத்துக்கு இறங்கும்போது மட்டும் 'கும்' என்று வீங்கி, அடுத்த சுரத்தில் இளைத்துப்போகும். ஸ்பீக்கரில் கோளாறு என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதற்குத்தான். ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. கொத்தனார் மேலும் இல்லை, பாவம்.

*

அதே பாட்டை ஓடவிட்டு அறைக்குள் நடந்து பார்க்கலாம். சுவரோரம் பேஸ் ஏறும், நட்ட நடுவில் கரைந்துவிடும். கட்டிலில் தலைமாடு சுவரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே படுத்துக் கேட்பவருக்கு இருப்பதைவிட அதிக பேஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

"பேஸ் பத்தாதுங்களே மாமா, சப்வூஃபர் வேண்டாங்களா?" என்கிறான். வேண்டாம் சாமி. ஏற்கெனவே அறையே ஒரு சப்வூஃபர்.

*

5.1 ஹோம் தியேட்டர் பெட்டியைப் பற்றி ஒரே வரி: படுக்கையறையில் அது ஆறு பெட்டிகளும் ஒரு கட்டு ஒயரும், வேறொன்றும் இல்லை.

*

அட்டையில் எழுதியிருக்கும் வாட். 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் இருந்தால் அது விளம்பரத்துக்கான எண், தொடர்ந்து கிடைக்கிற சக்தி அல்ல. ஆர்.எம்.எஸ். என்பதை மட்டும் படிக்க வேண்டும். அதிலும் எவ்வளவு தேவை? 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 85 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடி, ஒன்றரை மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவருக்கு ஆளுக்கு 1 வாட்டிலேயே ஏறக்குறைய 85 டெசிபல் கொடுத்துவிடும். ராத்திரி அவ்வளவு சத்தம் யாரும் வைப்பதில்லை. 10 டெசிபல் குறைத்தால் பத்தில் ஒரு வாட் போதும். தவில் அடி விழும் நொடிக்குக் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் 20, 30 வாட்டுக்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55, இரவு 10 மணி முதல் 45 டெசிபல். இந்தப் பக்கம் அதைவிடப் பெரிய சட்டம் ஒன்றுண்டு. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்தவர் பக்கத்து வீட்டில் பகலெல்லாம் தூங்குவார். செங்கல் சுவர் பாடகர் குரலைத் தடுத்துவிடும், பேஸைத் தடுக்காது.

*

மில்லில் பல வருஷம் நின்றவர்களின் காது தனி விஷயம். இரைச்சல் கெடுக்கும் காதில் முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். மெய்யெழுத்துகளின் கூர்மை, ஜால்ராவின் பளிச்சு எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அதனால் அவர்கள் ட்ரெபிளை முழுக்கத் திருப்பி வைப்பார்கள். அந்த வீட்டில் கேட்டுவிட்டு 'அதே செட்டு எனக்கும்' என்று வாங்குவது மூக்குக் கண்ணாடியைக் கடன் வாங்குவது போல. குடும்பத்தில் இரண்டு விதக் காதுகள் இருந்தால் ட்ரெபிள் குமிழ் உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குவது நல்லது.

*

சின்ன இடத்துக்குச் சின்ன ஸ்பீக்கர் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.பி.சி. பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில் எல்.எஸ்.3/5ஏ என்று ஒன்றை வடிவமைத்தார்கள். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள், தலைக்கு அருகில் வைத்துக் கேட்பதற்காக. உயரம் ஓரடி, உள்ளே 5 அங்குல வூஃபர், நாலாபுறமும் மூடிய பெட்டி. ஐம்பது வருஷம் கழித்தும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் விலைக்கு இங்கே ஒரு நல்ல பைக்கே வாங்கலாம் என்பதால் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் யோசனையை.

மூடிய பெட்டியில் பேஸ் மெதுவாகச் சரியும். சின்ன அறை அந்தச் சரிவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் ஓட்டையுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து குமுறும். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஓட்டையுள்ளவைதான். அந்த ஓட்டையில் ஒரு சுருட்டு துணியைத் திணித்தால் பாதிக் குமுறல் அடங்கும். உலகமெங்கும் சாக்ஸ் திணிக்கிறார்கள். நமக்குக் கட்டிங் வேஸ்ட் இருக்கிறது. திருப்பூரில் மூட்டை மூட்டையாகக் கட்டிப் போடுகிறார்களே, அதில் ஒரு கைப்பிடி.

*

துணியைப் பற்றி இன்னும் கொஞ்சம். சுவரில் பெட்ஷீட் தொங்கவிட்டால் எதிரொலி போய்விடும் என்பது பாதி உண்மை. கைதட்டினால் கேட்கும் 'கிணுகிணு' குறையும். பேஸுக்கு அது காற்றைத் தொங்கவிட்டதற்குச் சமம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே மூன்றரை மீட்டர், அதில் கால் பங்கு கனம் இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை நன்றாகச் சுருட்டி அறை மூலையில் நிமிர்த்தி வைத்தால் ஓரளவு பிடிக்கும். டைல்ஸ் போட்ட ஹாலைவிடப் படுக்கையறை கேட்கச் சுகமாக இருப்பதே மெத்தை, தலையணை, கொடியில் கிடக்கும் துணிகளால்தான். அமெரிக்காவில் பழைய ஜீன்ஸ் துணியை நாராக்கி ஒலி உறிஞ்சும் பாளங்கள் செய்து விற்கிறார்கள். திருப்பூர் கழிவுப் பஞ்சில் அதைச் செய்யும் ஆள் முளைத்தால் முதல் வாடிக்கையாளன் நான்.

*

வைக்கும் இடம்: பீரோ மேல் கூடாது (தகரம் கூடவே பாடும்). லாப்ட் மேலும் கூடாது. ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமும் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக.

*

சோதனைக்குப் பாட்டு. 1978இல் வந்த 'ப்ரியா'தான் தமிழ்ப் படங்களில் முதல் ஸ்டீரியோ பதிவு என்பார்கள். இடமும் வலமும் பிரிவது தெரிய அது போதும். ஆனால் என் சோதனைப் பாட்டு அதற்கும் பழையது. நம்ம பூளவாடிக்காரர் உடுமலை நாராயணகவி 'பராசக்தி'க்கு (1952) எழுதிய காக்கைப் பாட்டு. சி.எஸ். ஜெயராமன் குரல், மோனோ பதிவு. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஒலியைத் தருவதால் அவர் சரியாக நடுவில், காற்றில் நின்று பாட வேண்டும். குரல் அறையெங்கும் கரைந்து கிடந்தால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கட்டிலையோ ஸ்பீக்கரையோ நகர்த்த வேண்டும். ஒற்றைப் புளூடூத் டப்பாவில் இந்தச் சோதனையே செய்ய முடியாது. அதை நான் பரிந்துரைக்காததற்கு அந்த ஒரு காரணமே போதும்.

*

அவனுக்குச் சொன்னது: 4 அங்குல வூஃபர், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர், ஜோடியாக ஒன்று. மிச்சக் காசில் கனமான மர ஸ்டாண்டு இரண்டு, ஆசாரியிடம் சொல்லிச் செய்வது. கடையில் கேட்டது வீட்டில் கேட்காது, அறை மாறிவிடும். ஆகவே பணம் கொடுக்கும் முன், பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடை.