ஹிஞ்சேவாடிக்கு மேற்கே முள்ஷி

புணே அருகே ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவின் ஃபேஸ் த்ரீயைத் தாண்டி, மாண் கிராமத்தின் வழியாகத் தெற்கே இறங்கினால் பௌட் வரும். முள்ஷி தாலுகாவின் தலைமை ஊர் அதுதான். அங்கிருந்து தாம்ஹிணி கணவாயை நோக்கி மேற்கே போகும் சாலையில், கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் தண்ணீர் தெரியத் தொடங்கும். மலைகளின் இடுக்குகளுக்குள் கை கையாகப் பிரிந்து கிடக்கும் பெரிய ஏரி. மழைக்காலத்துச் சனி ஞாயிறுகளில் புணேக்காரர்களின் கார்களும் பைக்குகளும் இந்தக் கரையில்தான் வரிசை கட்டி நிற்கும். ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கும் இது பழகிய பாதை.

வந்து போகிறவர்களில் பலர் இதை இயற்கை ஏரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இது அணைக்கட்டின் நீர்த்தேக்கம். நீருக்கு அடியில் கிடப்பவை வயல்களும் வீடுகளும் கோயில்களும்.

இந்த இடத்தின் நில அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றது புரியும். சஹ்யாத்ரி மலையின் விளிம்பு இது. தாம்ஹிணியில் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். 2024 ஜூலையில் ஒரே நாளில் 550 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. மலை மறைவில் இருக்கும் புணே நகரத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். முள்ஷிப் பள்ளத்தாக்கில் விழும் மழை முளா ஆறாகக் கிழக்கே ஓடி, பவனாவையும் முட்டாவையும் சேர்த்துக்கொண்டு பீமாவில் கலந்து, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டியது. ஆனால் ஏரியிலிருந்து மேற்கே சிறிது தூரத்திலேயே மலை செங்குத்தாகக் கொங்கணச் சமவெளியில் இறங்குகிறது. இந்தச் சரிவுதான் பொறியாளர்களின் கண்ணில் பட்டது. நீரைச் சுரங்கம் வழியே மேற்குப் பக்கம் திருப்பி, ஏறத்தாழ 500 மீட்டர் கீழே விழவைத்தால் மின்சாரம் கிடைக்கும். அப்படி எழுந்ததுதான் ராய்கட் மாவட்டத்துப் பீரா மின்நிலையம். 1927இல் அது இயங்கத் தொடங்கியது. டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் குண்டலிகா ஆற்றில் விழுந்து அரபிக் கடலுக்குப் போகிறது. கோலாடில் ரப்பர் படகில் பாய்ந்து விளையாடுகிறார்களே, அந்த வேகமும் பீராவிலிருந்து திறந்துவிடப்படும் இந்த நீரால் வருவதுதான்.

அணையின் உயரம் சுமார் 49 மீட்டர். நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர். கொள்ளளவு 18 டி.எம்.சி.க்கு மேல், அதாவது ஐந்து செம்பரம்பாக்கம் ஏரிகளின் தண்ணீர். கட்டியது டாடா நிறுவனம். பம்பாயின் பஞ்சாலைகளுக்கும் ரயில்களுக்கும் மின்சாரம் தேவைப்பட்ட காலம் அது. கோபோலியிலும் பிவ்புரியிலும் ஏற்கெனவே நீர்மின் நிலையங்கள் நடந்துகொண்டிருந்தன.

பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள் மாவளே உழவர்கள். சிவாஜியின் காலாட்படையில் நின்றவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பயிர் ஆம்பேமோஹர் நெல். குட்டையான அரிசி, வேகும்போது மாம்பூ வாசம் வரும். இன்றும் புணேயில் அதற்குத் தனி மதிப்பு. திட்டம் வந்தபோது 52 ஊர்கள் பாதிக்கப்படும், சுமார் 11,000 பேர் இடம்பெயர நேரும் என்று கணக்கிட்டார்கள். நிலத்தைச் சட்டப்படி எடுக்கும் முன்பே வயல்களில் சோதனைக் குழிகள் தோண்டப்பட்டன.

1921 ஏப்ரல் 16, ராமநவமி. அன்று ஊர் மக்கள் வேலை நடந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ‘உயிர் அல்லது நிலம்’ என்பது அவர்களின் முழக்கம். முன்னின்றவர்கள் விநாயகராவ் புஸ்குட்டேயும் பாண்டுரங்க மகாதேவ பாபட்டும். பாபட் பார்னேரில் பிறந்தவர், எடின்பரோவில் படித்தவர், பாரிசில் ரஷ்யப் புரட்சிக்காரர் ஒருவரிடம் வெடிகுண்டுத் தொழில்நுட்பம் அறிந்துவந்தவர். அப்படிப்பட்டவர் முள்ஷியில் உழவர்களோடு கைகோத்து மண்ணில் அமர்ந்தார். ‘சேனாபதி’ என்ற பட்டம் இந்தப் போராட்டத்தில்தான் அவரிடம் ஒட்டிக்கொண்டது. காந்தியும் ‘யங் இந்தியா’வில் இவர்களுக்கு ஆதரவாக எழுதினார். வேலை சில மாதம் நின்றது.

பிறகு அரசு 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைக் கையிலெடுத்தது. பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். போராட்டத்தை உள்ளிருந்தே அரித்தது கடன். பல வயல்கள் புணே சாவுகார்களிடம் அடமானத்தில் கிடந்தன. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு நிலத்தைவிட இழப்பீட்டுப் பணம் இனித்தது. உழுதவனுக்கு நிலம்தான் எல்லாம். இந்த விரிசலை அரசியல் ஆய்வாளர் ராஜேந்திர வோரா முள்ஷி சத்தியாக்கிரகம் பற்றிய தம் ஆங்கில நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 2009இல் வந்த அந்த நூல், உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று இதைச் சொல்கிறது.

எல்லாரும் கலைந்த பிறகும் பாபட் விடவில்லை. 1924 டிசம்பரில் வேலையாட்களை ஏற்றிவந்த ரயிலை மறித்தார். தானே முன்வந்து கைதாகி, ஏழாண்டு தண்டனை பெற்றார். இன்று புணேயின் பரபரப்பான சேனாபதி பாபட் சாலையில் தினமும் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கு தெரிந்திருக்க வேண்டும்.

நிலத்தை இழந்தவர்களில் ஒரு பகுதியினர் ஊரைவிட்டுப் போகாமல், நீர் ஏற ஏற மேட்டுக்கு நகர்ந்து சிறு வாடிகளாகக் குடியேறினார்கள். மேலே தங்கர் மேய்ப்பர்கள், சரிவுகளில் காத்கரிப் பழங்குடியினர். சரிவில் நெல்லும் கேழ்வரகும்தான் விவசாயம். தாழ்நிலத்து வண்டல் வயல்கள் போனபின் விளைச்சல் பழையபடி இல்லை. நீவே, பள்சே பக்கம் இப்போது ஓய்வு விடுதிகளும் அருவி பார்க்க வரும் கூட்டமும் கொஞ்சம் வருமானம் தருகின்றன.

இதே தாலுகாவின் கிழக்கு முனையில் நிலம் இன்னொரு முறை கைமாறியது. ஹிஞ்சேவாடியில் சர்க்கரை ஆலை வருவதாக இருந்தது. அதை வேறிடத்துக்கு மாற்றி ஐ.டி. பூங்காவுக்கு இடம் ஒதுக்கிய கதையைச் சரத் பவார் மேடைகளில் சொல்லியிருக்கிறார். கரும்பு வயலும் சோள வயலும் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவாயின. கையில் வந்த பணத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற உழவர் குடும்பங்களின் சரிவை 2018இல் வந்த ‘முள்ஷி பேட்டர்ன்’ என்ற மராத்திப் படம் பேசியது. ஆனாலும் ஹிஞ்சேவாடி தன்னை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. சித்திரைப் பௌர்ணமிக்கு மாதோபா சாமிக்குக் கொக்கியில் தொங்கிச் சுற்றும் பகாட் திருவிழா இன்றும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே நடக்கிறது. நம் ஊர் மாரியம்மன் கோயில் செடில் உற்சவத்தின் உறவுக்காரத் திருவிழா அது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களாகவே நிற்பதைப் பார்க்கலாம்.

முள்ஷி நீர் பற்றிய பேச்சு இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வளர்ந்துகொண்டே போகும் புணேக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கும் குடிநீர் போதவில்லை. மேற்கே போகும் நீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்புங்கள் என்ற கோரிக்கை வலுத்துவருகிறது. நியாயமான கோரிக்கைதான், அந்த நீரின் இயற்கையான வழியும் கிழக்குதான். ஆனால் கரையோர வாடிகள் பலவற்றில் மக்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் மனைகூட அவர்கள் பெயரில் இல்லை. நிலம் டாடா நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. ஊர்நத்தமாக அறிவித்துப் பட்டா கொடுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏரித் தண்ணீரைப் புதிதாகப் பங்கு போடும் மேசையில் முதலில் தீர்க்க வேண்டியது அவர்களின் பட்டாப் பிரச்சினையைத்தான்.