அழைப்பதற்கு ஒரு பெயர்

பெயரை இடுவோர் ஒருவர். அதனை வாயால் வழங்குவோர் வேறொருவர். இவ்விரு சாராரும் ஒருப்படாவிடின் பெயர் நிலைப்பதில்லை என்பதற்கு எமது தீவகமே தக்க சான்றாகும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டின் மேற்கே கிடந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடெல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற் எனப் பெயர் பெற்றன. தேசப்படம் வரைந்தோருக்கு அப்பெயர்கள் இனித்திருக்கும். தோணி வலித்தோருக்கும் பனங்கிழங்கு பிடுங்கியோருக்கும் அவை பொருளற்ற ஓசைகளே. 1795இல் ஒல்லாந்தர் நீங்கினர். அவர் இட்ட பெயர்களும் பெரும்பாலும் நீங்கின. டெல்வ்ற் என்ற ஒன்றே ஆங்கில எழுத்தில் பரவலாகத் தங்கிற்று. அதுவும் அலுவலகக் கடிதங்களுக்கே உரியது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பவர் இன்றும் நெடுந்தீவுக்கு எப்போது படகு என்றே வினவுவார்.

தீவுக்கு இட்ட பெயரைத் தீவார் மறந்துவிடலாம். குழந்தைக்கு இட்ட பெயரைக் குழந்தை அவ்வாறு மறக்க இயலாது. பள்ளியிலும் பரீட்சை மண்டபத்திலும், கடவுச்சீட்டிலும் திருமண அழைப்பிதழிலும் அப்பெயர் கூடவே நடக்கும். ஆதலின், இதுவரை எவரும் கேட்டிராத ஒரு பெயரைப் புதிதாக ஆக்கித் தம் பிள்ளைக்கு இடப் பெற்றோருக்கு உரிமை உண்டா என்ற வினா விளையாட்டான வினாவன்று.

இடாப்பு வாசிப்பது என் தொழிலின் ஒரு கூறு. ஆண்டுதோறும் புதிய மாணவரின் பெயர்களை முதன்முறை வாசிக்கும்போது நா தடுமாறுகின்றது. கனகசபையும் பரமேஸ்வரியும் எப்போதோ விடைபெற்றுவிட்டனர். ஷ, ஜ, க்ஷ ஆகிய எழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி, ஆணாயின் ‘அன்’, பெண்ணாயின் ‘இகா’ அல்லது ‘ஷா’ என முடித்த பெயர்களே வரிசை வரிசையாக நிற்கின்றன. பொருள் யாதெனக் கேட்டால், பெயருக்குரியவர் புன்னகை செய்வாரேயன்றி விடை பகரார்.

இவ்வழக்கம் வெறும் நாகரிக மோகத்தால் மட்டும் விளைந்ததன்று. அதற்கு ஓர் உட்பொறி உண்டு. பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்கு உரிய எழுத்திலேயே பெயர் தொடங்க வேண்டும் என்பர். பரணிக்கு உரியவை லி, லூ, லே, லோ. லகரமோ மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. ஆகவே பரணியிற் பிறந்த பிள்ளைக்குத் தனித்தமிழ்ச் சொல்லாற் பெயரிடும் வழி அடைபடுகின்றது. எஞ்சியிருக்கும் சில வடசொற்களையோ அயலார் முன்பே எடுத்துக்கொண்டனர். போதாக்குறைக்கு எண்சோதிடர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து ஓர் எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ பணிக்கின்றார். தந்தையின் பெயரில் ஓர் அசையும் தாயின் பெயரில் ஓர் அசையும் இடம் பெறவேண்டும் என்பது இல்லத்தாரின் விருப்பம். இத்தனை கட்டுகளுக்கும் உடன்பட்ட பின் எஞ்சுவது பெயரன்று, கணக்கின் விடை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகள் தொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். பிறந்த பெண்குழந்தைக்கு நட்சத்திரம் பரணி. “மாமா, லோவன்னாவில தொடங்கிற நல்ல தமிழ்ப் பேர் ஒண்டு சொல்லுங்கோ” என்றாள். லோகநாயகி என்பதைப் பண்டையோர் உலோகநாயகி என்று எழுதித் தமிழாக்கினர் என்றேன். “உலோகம் எண்டால் இரும்பு, செம்புதானே மாமா? பிள்ளையை இரும்புக்கடைக்காரி ஆக்கிப்போடுவியள்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கூறியதே என்னைச் சிந்திக்க வைத்தது. பழைய பெயர்கள் எல்லாம் நல்லவை என்று எண்ணுவது உங்கள் தலைமுறையின் மயக்கம் என்றாள் அவள். அக்கூற்றில் உண்மை இல்லையெனச் சொல்ல என்னால் இயலவில்லை. யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒருவரின் பெயரே அவர் எங்கே நிற்கவேண்டும், எங்கே இருக்கலாகாது என்பதை அறிவித்த காலம் ஒன்றிருந்தது. ‘பிள்ளை’ என்ற ஈறும் ‘ஆர்’ என்ற மதிப்பும் சிலருக்கே உரியனவாய்க் கொள்ளப்பட்டன. கந்தசாமி எனத் தந்தை விரும்பிய பிள்ளை கந்தன் என்று எழுதப்பட்டதும் உண்டு. சின்னான், வல்லி எனக் குறுகிய பெயர்களோடு வாழ்ந்து மடிந்தோரின் பேரப்பிள்ளைகளுக்குப் பொருளறியாப் புதுப்பெயர் ஒரு விடுதலையாய் அமைந்தது. அப்பெயரிலிருந்து சாதியையோ ஊரையோ எவரும் மோப்பம் பிடிக்க முடியாது. இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் புதுப்பெயர்களை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது.

மேலும், இன்று பழமையெனத் தோன்றுவன யாவும் ஒருகாற் புதுமையாயிருந்தனவே. ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்கரின் பெயர்களை நோக்குவோம். போர்த்துக்கேயர் கொணர்ந்த செபஸ்தியான் எம்மவர் நாவிற் பஸ்தியாம்பிள்ளை ஆயினான்; சவேரியாரோடு முத்தைச் சேர்த்துச் சவேரிமுத்து என்றனர். சிறியவன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரையுடைய பவுலைச் சின்னப்பர் ஆக்கினர். 1726ஆம் ஆண்டைச் சார்ந்த தேம்பாவணியில் வீரமாமுனிவர் சூசையை வளன் என்றே அழைத்தார். இவையெல்லாம் ஆக்கப்பெயர்களே. ஆயினும் முதன்முறை கேட்ட முதியவளும் அவற்றைத் திருப்பிச் சொல்ல முடிந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மனை அண்டிய குடும்பங்களில் நாகம்மா, நாகலிங்கம், நாகமுத்து என ஒரே வேரிலிருந்து பெயர்கள் கிளைத்தன. வேர் பழையது, கிளை ஒவ்வொரு தலைமுறைக்கும் புதியது.

பெயரைத் தாமே மாற்றிக்கொண்டோரும் உளர். 1916ஐ அண்டித் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், வேதத்தை மறை எனவும் அசலத்தை மலை எனவும் பெயர்த்து மறைமலையானார். எமது தீவகத்துக் கரம்பனில் 1913இற் பிறந்த சேவியர் ஸ்ரனிஸ்லாஸ், நெடுந்தீவுத் தனிநாயக முதலி என்ற முன்னோரின் பெயரை ஏற்றுத் தனிநாயகம் அடிகளானார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதற்கு முன்னின்று உழைத்தவரை உலகு அப்பெயராலேயே அறியும். இவ்விருவரும் வளர்ந்தபின், தாம் யார் என அறிந்தபின், தம் பெயரைத் தாமே தேர்ந்தனர். சங்கப் புலவருள்ளும் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார் என வியத்தகு பெயருடையோரைக் காண்கிறோம். அவை தொட்டிலில் இட்டவை அல்ல. அவர்தம் பாட்டிலிருந்து பிறந்தவை. அருமையான பெயர் ஈட்டிக்கொள்ளப்படுவது. தொட்டிற் குழந்தையின் தலையில் அருமையை ஏற்றிவைப்பது, அது இன்னும் செய்யாத செயலுக்கு முன்கூட்டியே விருது வழங்குவது போன்றதாகும்.

அரசுகளும் இவ்விடயத்தில் தலையிடுவதுண்டு. ஐஸ்லாந்தில் புதுப்பெயர்களை ஆராய்வதற்கென ஒரு குழு 1991 முதல் இயங்கிவருகின்றது. ஜேர்மனியில், இந்திய வழித்தோன்றலான ஒரு தந்தை தம் மகளுக்குக் கிரண் எனப் பெயரிட விழைந்தபோது, அப்பெயர் ஆணா பெண்ணா எனக் காட்டவில்லை என்று பதிவாளர் மறுத்தார். 2008 டிசெம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் பெற்றோரின் பக்கமே தீர்ப்பளித்தது. தமிழருக்கு இவ்வழக்கு விந்தையாகத் தோன்றும். எமது மொழியில் வந்தான், வந்தாள் என வினைமுற்றே பாலை உணர்த்திவிடும். பெயர் அச்சுமையைத் தாங்கவேண்டியதில்லை. பதிவாளர் தடுப்பதைவிடப் பெற்றோர் தாமே அளவறிந்து நடப்பதே மேலானது என்பது என் கருத்து.

அவ்வளவு யாது? தீவகத்தின் அண்மை வரலாற்றை அறிந்தோருக்கு இது சொல்லின்பம் பற்றிய வினா அன்று. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணஞ் செய்தோர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அவருள் அடங்குவர். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். வளவுகளிற் பற்றை மூடிற்று, கிணறுகள் தூர்ந்தன. பலருக்கு எஞ்சியவை பெயர்கள் மட்டுமே. இறந்தோரை நினைவுகூரும் நாளில் அவரது பெயரைத்தான் உரத்துச் சொல்லுகிறோம். காணாமற்போன மகனின் படத்தை ஏந்திய தாய் வாய்விட்டு அழைப்பதும் பெயரையே. ஒரு பெயர் வேறெதற்கு உதவாவிடினும், அதற்குரியவரை நேசிப்போர் உரக்கக் கூவி அழைக்க உதவ வேண்டும். முற்றத்தில் நிற்கும் ஆச்சி, படலைக்கு அப்பால் ஓடும் பேர்த்தியைப் பெயர் சொல்லி அழைக்க இயலாமற் ‘குஞ்சு’ என்று சமாளிக்கின்றாள் எனின், அங்கே உறவின் ஓர் இழை அறுந்துவிட்டது என்றே கருதுவேன்.

தமக்கை மகள் இறுதியில் நட்சத்திர எழுத்தைக் கோயில் அருச்சனைக்கு ஒதுக்கிவிட்டு, பிறப்புப் பதிவில் நெய்தல் என்று எழுதினாள். எங்கள் குடும்பத்தில் அப்பெயர் எவருக்கும் இருந்ததில்லை. ஊரிலும் நான் கேட்டதில்லை. வேலணையில் இருக்கும் ஆச்சிக்குத் தொலைபேசியிற் சொன்னபோது, “குளத்துப் பூவின்ர பேரோ?” என்று வினவி, மறுகணமே அப்பெயரைச் சொல்லிக் கொஞ்சத் தொடங்கினார். தொறன்ரோ ஆசிரியருக்கு அதனை ஓரிரு முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அது பெருங்குறையன்று, அவர்களுடைய பெயர்களை நாமும் அவ்வாறே கற்றுக்கொண்டோம்.

எனவே, பெற்றோர் புதுப்பெயர் ஆக்கலாம் என்பதே என் முடிபு. சாதியின் தழும்பை அழிக்கப் புதுப்பெயர் வேண்டுமாயின் ஆக்கியே தீரவேண்டும். ஆனால் அதனை ஆக்கும் மண், மொழிக்குள் இருந்து எடுக்கப்படல் வேண்டும்; அழைப்போரின் நாவுக்கு இசைதல் வேண்டும்; பொருள் கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு விடை இருத்தல் வேண்டும். 2017இல் நெடுந்தீவுக் கடலில் ஒரு புதிய பயணிகள் படகு ஓடத் தொடங்கிற்று. அதற்கு நெடுந்தாரகை எனப் பெயரிட்டனர். எவரோ அமர்ந்து ஆக்கிய பெயர்தான் அது. ஆயினும், பொருள் யாதென்று துறையில் நின்ற எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.