வழிப்போக்கரின் பெயர்

சீனம் வரை சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்னும் வாசகத்தைக் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லம் இராது. வேலூரில் ஓதிய நாளில் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தோம். அது பலவீனமானதென்று இமாம் பைஹகீ உரைத்ததையும், இட்டுக்கட்டப்பட்டவற்றுள் ஒன்றென இப்னுல் ஜவ்ஸீ ஒதுக்கியதையும் பாடமாகப் படித்தோம். பின்னர் முப்பதாண்டுகளாக அதனையே மாணவர்க்கும் போதித்து வருகிறோம். தொடரின் பலவீனம் தெரிந்த நமக்கு, நம் கால்களின் பலவீனம் தெரியாமற் போயிற்று. சீனம் கிடக்கட்டும், நம் பள்ளிவாசலின் பின்வரிசை வரைகூட நாம் சென்றதில்லை.

சென்னையிலிருந்து வரும் புறநகர் மின்வண்டிகளில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். ஆனால் அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வருவது நிற்பதில்லை. பீகார், வங்காளம், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல மாநிலத்தார் இரும்பு உருட்டாலைகளிலும் பிற ஆலைகளிலும் உழைக்கின்றனர். அவர்களில் முஸ்லிம்கள் ஜும்ஆவுக்கு வந்து பின்வரிசையில் அமர்வார்கள். புரியாத தமிழ் பயானைப் பொறுமையோடு கேட்பார்கள். தொழுகை முடிந்ததும் அடுத்த ஷிப்டுக்கு ஓடுவார்கள். வேலூரில் ஓதியவர் என்பதால் உருது நமக்குக் கைவந்த மொழியே. எனினும் ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொன்னதன்றி அவர்களோடு நாம் பேசியதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, அவர்களுள் ஓர் இளைஞர் அறையிலேயே மயங்கி வீழ்ந்து மௌத்தானார். அவரை அழைத்து வந்த ஒப்பந்தக்காரரின் கைப்பேசி அணைந்திருந்தது. உடன் தங்கியிருந்தோர் புதிதாக வந்தவர்கள்; இறந்தவரின் செல்லப்பெயர் ஒன்றே அவர்களுக்குத் தெரியும். “மவுலானா சாஹிப், ஆறு மாதமாக உங்கள் பின்னால்தானே தொழுதார்? அவருடைய ஊர் எது?” என்று நம்மைக் கேட்டார்கள். நமக்கு ஊர் தெரியவில்லை. முகமும் நினைவிற்கு வரவில்லை.

தகப்பனாரைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. பூர்ணியாவிற்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே: “என் மகன் தொழுகைக்கு வந்தானா?” ஜும்ஆ தவறியதில்லை என்று பதில் சொன்னோம். அது நாம் கண்டு சொன்ன சாட்சியம் அன்று; அறைத்தோழர் சொல்லக் கேட்டது. ஹதீஸின் அறிவிப்பாளரை ஒவ்வொருவராக எடை போடும் நாம், நமக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி இரவல் சாட்சியம் கூறினோம்.

அந்த நாட்களில்தான் ஃபெய் சியாவ்துங் என்னும் சீனச் சமூகவியல் அறிஞரின் வரலாறு நமக்குப் படிக்கக் கிடைத்தது. அவர் 1910இல் ஜியாங்சு மாநிலத்தில் பிறந்தவர். 1935இல் மணமான கையோடு, மனைவி வாங் துங்ஹுய்யுடன் குவாங்சியிலுள்ள யாவ் மலைக்குப் புறப்பட்டார். யாவ் மக்களின் குடும்ப வாழ்வை அறிவதே நோக்கம். மலையூர்களுக்கு நடந்தே சென்றனர். டிசம்பரில் ஒரு நாள் வழிகாட்டியைத் தவறவிட்டனர். புலிக்கு வைத்த பொறியில் ஃபெய் வீழ, கற்கள் சரிந்து அவரை நசுக்கின. மனைவி அக்கற்களை அகற்றிவிட்டு, உதவிக்கு ஆள் தேடி மலையிறங்கினார், திரும்பவில்லை. சில நாட்களுக்குப் பின் ஓடையில் அவர் உடல் கிடைத்தது. மணமாகி நான்கு மாதங்கூட நிறையவில்லை.

ஃபெய் படுக்கையில் கிடந்தபடியே மனைவி சேர்த்த குறிப்புகளை ஒழுங்கு செய்தார். 1936இல் அவை நூலாயின. அவருடைய தமக்கையார் கைஷ்யான்குங் என்னும் கிராமத்தில் பட்டுநூற் கூட்டுறவு ஆலைக்காகப் பாடுபட்டு வந்தவர். உடல் தேறுவதற்காக அவ்வூருக்குச் சென்ற ஃபெய், அங்கும் சும்மா இருக்கவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், எவருக்கு எவ்வளவு நிலம், யார் யாரிடம் கடன்பட்டனர் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். இலண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் பயின்றபோது அதனை ஆய்வாக்கி, 1939இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1957இல் ‘வலதுசாரி’ என முத்திரை குத்தப்பட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆய்வினின்றும் விலக்கப்பட்டார். எழுபது வயதில் மீண்டும் அதே கிராமத்துக்குப் போனார். ஹுய் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் லின்ஷியாவுக்கும் சென்று அவர்களின் வணிகத் திறனை எடுத்துரைத்தார். 2005இல் மறைந்தார்.

சீனரின் உறவுமுறையைக் குளத்தில் எறிந்த கல்லோடு அவர் ஒப்பிட்டார். ஒவ்வொருவரும் தத்தம் வட்டத்தின் நடுவில் நிற்கின்றனர். வளையம் விரிய விரிய உறவு மெலிகிறது என்பது அவர் கண்டது. இதனைப் படித்தபோது சீனத்தை நாம் காணவில்லை. நம் மஹல்லாவையே கண்டோம். குடும்பம், சம்பந்தி வீடு, தெரு, ஜமாஅத் என்று விரிந்த நம் வளையம், சந்தா செலுத்தும் வீடுகளோடு நின்றுவிட்டது. ஜமாஅத் பதிவேட்டில் பிறப்பும் நிக்காஹும் மௌத்தும் இருந்தன. பின்வரிசை மட்டும் இல்லை.

கிராமத்தார் வீட்டிலிருந்தபடியே அருகிலுள்ள சிறு நகரத்து ஆலையில் வேலை பெறவேண்டும் என்பதே ஃபெய் 1983 முதல் வலியுறுத்திய கருத்து. ஆயினும் சீனத்தில் கோடிக்கணக்கானோர் ஊர் துறந்து கடலோரத் தொழில் நகரங்களுக்குச் சென்றனர். 1958இல் சட்டமான குடிப்பதிவு முறை, அவர்களைப் பிறந்த ஊரின் ஏட்டிலேயே கட்டிவைத்தது. உழைக்கும் ஊரில் அவர்கள் அயலார். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய சட்டம் ஏதும் இல்லை. அந்தச் சுவரை எழுப்ப நம் மௌனமே போதுமாயிற்று.

நம் முன்னோருள் ஒருவர் இப்னு பதூதா. மஃபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரைக்கும் வந்து, பின்னர் சீனமும் கண்டவர். சீனத்து வழிச்சத்திரங்களைப் பற்றி அவர் சொன்ன செய்தி ஒன்று நம்மை உறுத்தியது. அந்தியில் அதிகாரி எழுத்தருடன் வந்து, தங்குவோர் பெயரையெல்லாம் ஏட்டில் எழுதிக்கொண்டு கதவைப் பூட்டுவாராம். விடிந்ததும் பெயர் கூறி அழைத்துச் சரிபார்த்து, அடுத்த சத்திரம் வரை துணையாள் அனுப்புவாராம். அன்னிய நாட்டில், அன்னிய மதத்தார், முஸ்லிம் வழிப்போக்கரின் பெயரைக் கேட்டார்கள். ஸகாத் பெறும் எண்வகையாருள் வழிப்போக்கரும் ஒருவர் என ஆண்டுதோறும் ரமளானில் பயான் செய்யும் நாம் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஆலை விடுமுறை நாளொன்றில், அவ்விளைஞர்கள் சிலர் ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள உப்பலமடுகு அருவிக்கு நம்மையும் அழைத்தனர். வயது ஐம்பத்தாறு என்று தயங்கினோம், பின்பு துணிந்தோம். ஓடையை ஒட்டிப் பாறைக்குப் பாறை தாவும் வழி அது. ஓரிடத்தில் கால் வழுக்கிற்று. விழுமுன் ஒரு கை நம் முழங்கையைப் பற்றியது. உருட்டாலையின் வெம்மையில் காய்த்துப்போன கை. அக்கணம் வாங் துங்ஹுய்யின் நினைவு வந்தது. “பேட்டா, உன் ஊர் எது?” என்று கேட்டோம். அவர் ஊர் சொன்னார். ஊரோடு மகானந்தா வெள்ளத்தையும், அது அரித்த நிலத்தையும், சகோதரியின் நிக்காஹுக்குப் பட்ட கடனையும் சொன்னார். ஒரு கேள்விக்கு இத்தனை பதில்கள் காத்திருந்தன.

இப்பொழுது மிஹ்ராபுக்கு அருகில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம், வீட்டாரின் தொலைபேசி எண். தொழுகை முடிந்ததும் நாமே பின்வரிசைக்குச் சென்று எழுதுகிறோம். பயானின் இறுதியில் பத்து நிமிடம் உருதுவில் பேசுகிறோம். மக்களைக் குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று சூரா ஹுஜுராத் சொல்வதற்கு, இத்தனை காலம் நாம் இலக்கணம் மட்டுமே கற்பித்திருந்தோம்.

அந்த ஏட்டின் முதல் வரியில், அதற்கு முன்பே மௌத்தாகிவிட்ட அவ்விளைஞரின் பெயரை எழுதியிருக்கிறோம். ஊர்ப்பெயரும் எழுதியாயிற்று. தகப்பனாருக்கு நாம் அன்று சொன்ன பதிலை அல்லாஹ் உண்மையாக்கி வைப்பானாக. அவர் நமக்குப் பின்னால் நின்றதற்கு, அவனே நேர்ச் சாட்சி.