பெட்டியோடு வந்த கூலர்

தூத்துக்குடியில் திருநெல்வேலி பஸ் ஏறினால் சீக்கிரமே புதுக்கோட்டை வந்துவிடும். மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு. இது வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். கத்திரி வெயில் காலத்தில் இங்கே மாடி அறையில் உட்கார்ந்து முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிற பிள்ளைகளுக்கு, மேலே ஃபேன் ஓடினாலும் கழுத்து வியர்வை நிற்காது. ப்ராசஸர் பெட்டியைப் பிரிக்கிறார்கள். சிப்போடு கூடவே உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு ஒன்று, அதன் தலையில் ஒரு சின்ன விசிறி. இந்த வெயிலுக்கு இது தாங்குமா என்ற கவலை அப்போதே தொடங்கிவிடுகிறது.

“அது வேஸ்ட் தம்பி, தனியா ஒண்ணு வாங்கிருங்க” என்ற பதில் எந்தக் கடையிலும் கிடைக்கும். தனி டவர் கூலருக்கு இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும். அப்பா கொடுத்த பணத்தை எண்ணி எண்ணி உதிரி வாங்கும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் நல்லதுக்கும் மட்டமானதுக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்தக் கூலர் தானம் இல்லை. அதன் விலை ப்ராசஸர் விலைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பல்லைப் பிடித்தே பார்க்கலாம்.

கூலர் சரியில்லை என்றால் சிப் எரிந்துவிடும் என்ற பயம் பழைய காலத்தது. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் ஒரு சோதனை செய்து வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸரிலிருந்து ஹீட்சிங்க்கை, அதாவது கூலரின் உலோகத் துண்டைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி. ஆத்லான் புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. இன்றைக்கு இரண்டு கம்பெனி சிப்புகளுக்கும் அந்தத் தற்காப்பு உண்டு. சூடு எல்லையைத் தொட்டால் வேகம் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துபோகும். ஆகவே புதுக்கோட்டைப் பிள்ளைகள் கேட்க வேண்டியது, கொடுத்த காசுக்கான வேகம் மே மாதத்திலும் கிடைக்குமா என்பதைத்தான்.

இங்கேதான் வெளிநாட்டு விமர்சனங்கள் ஏமாற்றுகின்றன. அவர்கள் சோதிக்கும் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். விசிறிக் கூலர் எதுவானாலும் அறைக் காற்றைவிடச் சிப்பைக் குளிர்விக்க அதனால் முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அதன் திறமையைக் கணக்கிட முடியும். 22 டிகிரி அறையில் ஒரு சிப் முழு வேலையில் 80-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 58. நம் மாடி அறை 36 டிகிரி என்றால் அதே சிப் 94-க்குப் போய் நிற்கும். இன்டெல் ஐ5-12400-க்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 5 5600-க்கு 90 டிகிரிதான். அங்கே “தாராளம்” என்று மார்க் வாங்கிய கூலர் இங்கே மயிரிழையில் பாஸாகும், சில நேரம் ஃபெயிலும் ஆகும்.

அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரியா? எல்லாச் சிப்புக்கும் சரியில்லை. ஐ5-12400-ன் அடிப்படை மின்சாரக் கணக்கு 65 வாட். டர்போவில் கொஞ்ச நேரம் 117 வாட் வரை இழுக்கும். அந்த 65 வாட்டை இன்டெல் தரும் கூலர் புதுக்கோட்டையிலும் சமாளிக்கும். கேம் விளையாடும்போது பெரும்பாலும் முழு மின்சாரமும் இழுப்பதில்லை. சிக்கலை நாமே உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. எம்.எஸ்.ஐ. மதர்போர்டுகளின் பயாஸ், என்ன கூலர் மாட்டியிருக்கிறீர்கள், பெட்டியில் வந்ததா, டவரா, வாட்டர் கூலரா என்று கேட்கும். பெரியதுதான் நல்லது என்று வாட்டர் கூலரைத் தேர்ந்தெடுத்தால் மின்சாரக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். பாவம், சின்ன விசிறி அலறும். உள்ளதைச் சொன்னால் போதும்.

இன்னொரு தவறு நான்கு கால்களில் இருக்கிறது. 2004-ல் எல்.ஜி.ஏ. 775 சாக்கெட்டோடு வந்த அந்த பிளாஸ்டிக் புஷ்-பின் ஏற்பாட்டை இன்டெல் இன்னும் விடவில்லை. நாலு மூலையிலும் நாலு பின். பலர் பக்கத்துப் பக்கத்துப் பின்னை வரிசையாக அமுக்குகிறார்கள். மூன்றாவது இறங்கும்போது முதலாவது மேலே எழும்பிவிடும். எதிரெதிர் மூலைகளை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்கும். போர்டு லேசாக வளைவதைப் பார்த்துப் பாதியில் கையை எடுப்பவர்கள்தான் அதிகம். கேபினெட்டுக்கு வெளியே வைத்து மாட்டினால், போர்டைத் திருப்பி நாலு ஓட்டையிலும் பிளாஸ்டிக் கால் விரிந்து ஊசி முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தாலும் சூடு எக்கச்சக்கமாக ஏறும். பழி கூலர் மேல் விழும். அடியில் ஏற்கெனவே தடவி வரும் சாம்பல் நிறப் பேஸ்ட் ஒரு தடவைக்குத்தான். கழற்றினால் துடைத்துவிட்டுப் புதுசாகப் பட்டாணி அளவு வைக்க வேண்டும்.

ஏ.எம்.டி.யின் ரெய்த் ஸ்டெல்த் கூலருக்கு நாலு ஸ்க்ரூ. மாட்டுவது சுலபம், கழற்றும்போதுதான் கவனம் தேவை. ஏ.எம். 4 சாக்கெட்டில் பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால், நேராக இழுக்கிற கையோடு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும்; அடியிலுள்ள ஊசிகள் வளைந்தால் சிப்பே போச்சு. பத்து நிமிஷம் மெஷினை ஓடவிட்டு, அணைத்து, ஸ்க்ரூவை எடுத்தபின் கூலரை மெல்ல இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு எதிரி உண்டு. ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் தின்கிற உப்புக்காற்று அலுமினியத்தையும் சும்மா விடாது, வெள்ளையாகப் பூக்கும். ஆடிக் காற்று கொண்டுவரும் தூசி அந்தப் பிசுபிசுப்போடு சேர்ந்து துடுப்புகளுக்கு நடுவே கம்பளம் போலப் படியும். புதிதில் நன்றாக இருந்த கூலர் ஒரு வருஷத்தில் திணறுவதற்கு இதுவே காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

போதாத இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஐ7-12700 டர்போவில் 180 வாட் வரை போகும்; அதன் பெட்டியிலும் கூலர் வருகிறது. கல்யாண வீடியோவை மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவருக்கு அது காணாது, டவர் கட்டாயம். 2015-ல் வந்த ஐ7-6700கே முதல் கே வரிசைச் சிப்புகளுக்கு இன்டெல் பொதுவாகக் கூலரே வைப்பதில்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை போய் ரிச்சி தெருவில் பெட்டியில்லாத ட்ரே பீஸ் வாங்கினாலும் கூலர் கிடையாது. அந்தச் செலவையும் சேர்த்தே விலை ஒப்பிட வேண்டும்.

தூத்துக்குடி உப்பளத்தில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுவார்கள், வெயில் ஏறினால் உடம்பு தாங்காது என்பதால். அதே போல, கனமான ரெண்டர் வேலையை ராத்திரிக்கு மாற்றினால் அறைச் சூட்டில் ஏழெட்டு டிகிரி மிச்சமாகும். அத்தனையும் சிப்புக்கு லாபம்.

கூலரோடு வரும் ஐ3, ஐ5, ரைசன் 5 வாங்கும் பிள்ளைகள் பெட்டியில் வந்ததையே மாட்டுங்கள். கையிலிருக்கும் இரண்டாயிரத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போடுங்கள். மே மாத மத்தியானம் ஒன்றில் முழு வேலை கொடுத்து வெப்பத்தைப் பாருங்கள். எல்லையைத் தொட்டு வேகம் குறைந்தால் அப்போது டவர் வாங்கலாம். கூலரை எந்த மாதத்திலும் மாற்றிக்கொள்ள முடியும்.