எட்டுக்கு நாலில் ஒரு படுக்கையறை

எட்டடி நீளம், நாலடி அகலம். கடைக்காரர் பாஷையில் ‘எட்டுக்கு நாலு’. கட்டில், பீரோ, சமையலறை அலமாரி என்று வீட்டுச் சாமான்களை ஆண்டுவந்த இந்த ப்ளைவுட் பலகை இப்போது காருக்குள்ளும் நுழைந்துவிட்டது. பின் இருக்கையை மடக்கி, அந்த இடத்தில் பலகையால் ஒரு மேடை. மேலே மெத்தை. கீழே துணிமணி, பாத்திரம், தண்ணீர் கேன் வைக்கப் பெட்டிகள். லாட்ஜ் தேடி அலையாமல் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களின் சொந்தத் தயாரிப்பு.

பெங்களூரில் இதைச் செய்து பார்க்க ஈஜிபுரா தோதான இடம். பழைய கிராமத்துச் சந்துகளின் மேல் மாடிக்கு மேல் மாடியாக எழும்பிய பேட்டை இது. ஒரு பக்கம் கோரமங்கலாவின் அகலமான தெருக்கள். இன்னொரு பக்கம் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைதோறும் கூட்டம் கூடும் விவேக்நகர். கன்னடத்தில் விலை கேட்டால் தமிழில் பதில் வருவது இங்கே சகஜம். ப்ளைவுட், கண்ணாடி, இரும்புச் சாமான் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பலகையை அறுத்தும் தருவார்கள்.

இடத்தின் அருமை ஈஜிபுராவுக்கு நன்றாகத் தெரியும். நலிந்த பிரிவினருக்காக 1990-களின் தொடக்கத்தில் இங்கே கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இருபது வருடம்கூடத் தாங்கவில்லை. கட்டடங்கள் பழுதாகி இடிந்தபின் அதே மண்ணில் தகரக் கொட்டகை போட்டுக் குடும்பங்கள் காத்திருந்தன. அரசும் தனியாரும் சேர்ந்து புது வீடுகளோடு வணிக வளாகமும் கட்டுவது என்று ஏற்பாடு. 2013 ஜனவரியில் புல்டோசர்கள் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒற்றை அறையில், கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டையும் தலைக்கு மேல் பரணுமாகக் குடித்தனம் நடத்தியவர்களுக்குக் கார் மேடையின் சூத்திரத்தை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

சூத்திரம் இதுதான்: மேடையை ஓர் அங்குலம் உயர்த்தினால் கீழே பெட்டிக்கு ஓர் அங்குலம் லாபம், மேலே தலைக்கு ஓர் அங்குலம் நஷ்டம். நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை மாற்ற வேண்டுமானால் மெத்தைக்கும் கூரைக்கும் நடுவே மூன்றடி வேண்டும். சின்னக் கார்களில் அது கிடைப்பது அரிது. அதனால், மடக்கிய இருக்கையின் முதுகு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே மேடைக்கும் உயரம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நீளத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. முன் இருக்கைகளை முன்னால் தள்ளினால் உண்டாகும் பள்ளத்தின் மேல் ஒரு மடக்குப் பலகை. பகலில் கீலில் மடிந்து பின்னால் கிடக்கும், இரவில் விரிந்து ஆறடியாகும். அகலத்தைத் தீர்மானிப்பது இரு பக்கமும் புடைத்திருக்கும் சக்கர மேடுகள். அவற்றுக்கு நடுவே அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

எந்தப் பலகை? 18 மில்லிமீட்டர் பலகை உறுதியானது. ஆனால் முழுப் பலகை 30 கிலோவைத் தாண்டும். நடுவில் தாங்குசட்டம் கொடுத்தால் 12 மில்லிமீட்டரே ஆளைத் தாங்கும், எடையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தரத்திலும் கவனம் தேவை. ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதாரணப் பலகையில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். ஈரம் அதற்கு ஆகாது. மூடிய காரில் வெயில் ஏறினால் கண் எரியும் நெடியும் வரலாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பலகையில் ஃபீனால் பசை. விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். எதுவானாலும் வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் அடித்து, சில நாள் காற்றாட வைத்த பிறகே காரில் ஏற்ற வேண்டும். மெத்தைக்கு இரண்டு அங்குல ஃபோம் போதும். பழக்கம் விடாதவர்கள் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சை நாடலாம்.

வண்டியின் தரையில் துளை போடுவது மட்டும் கூடாது. அடியில் எரிபொருள் குழாயும் மின்கம்பிகளும் ஓடலாம். ஏற்கெனவே உள்ள கொக்கிகளில் பட்டை மாட்டி மேடையை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாத மேடை, திடீர் பிரேக்கில் ஓட்டுபவரின் முதுகைத் தேடி வரும். ஸ்டெப்னி எடுக்க வழி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் மேடைமேல் யாரும் படுக்கக் கூடாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இருக்கையைக் கழற்றி எறிவது வம்பு. ஏற்றி இறக்கக்கூடிய மேடை, சாமான் கணக்கு.

எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இந்த வாயுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இன்ஜினை அணைத்து, இரு பக்கமும் கண்ணாடியை இறக்கி, கொசுவலைத் துணி கட்டிப் படுப்பதே நல்லது. உள்ளே அடுப்பு பற்றவைக்கும் யோசனையே வேண்டாம்.

இதுவரை சொன்னது ஊர் சுற்றுகிறவர்களின் சௌகரியம். ஆனால் பெங்களூரில் காரில் தூங்குகிறவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகள் அல்ல, டாக்ஸி டிரைவர்கள். விமான நிலையம் பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருந்தவரை ஈஜிபுராவில் குடியிருக்கும் டிரைவர் ஒரு சவாரிக்கும் அடுத்ததற்கும் இடையில் வீட்டுக்கு வந்து கண்ணயரலாம். 2008 மே மாதம் அது தேவனஹள்ளிக்குப் போனது. சுமார் 40 கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து போனால் டீசலுக்கே காசு சரியாகிவிடும். அதனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, அரைத் தூக்கம்.

ப்ளைவுட் மேடையால் மிகுந்த பயன் பெற வேண்டியவர் இவர்தான். ஆனால் இவருக்கு அது உதவாது. பின் இருக்கைதான் பிழைப்பு, அங்கே பலகை போட்டால் பயணி எங்கே உட்காருவார்? டாக்ஸியாக ஓடும் செடான் கார்களில் டிக்கி தனிப்பெட்டி, கால் அதற்குள் நீளாது.

லாரி டிரைவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு படுக்கையாவது உண்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி.யும் கட்டாயம். ஊழியர்கள் இரவில் தங்க நேரும் இடத்தில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்று 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சொந்தக் காரைக் கடனில் வாங்கி, செயலியின் அழைப்புக்குக் காத்திருப்பவருக்கு முதலாளி யார் என்பதே விவாதம். விவாதம் முடியும்வரை தூக்கம் காத்திருக்காது. விடியற்காலையில் அவர் காரில் ஏறப்போகும் பயணிக்கும் அந்தத் தூக்கத்தில் பங்கு உண்டு.

வாகனங்கள் காத்துக்கிடக்கும் இடங்களில் நாலு சுவர், ஒரு மின்விசிறி, வரிசையாகப் பலகைக் கட்டில்கள். செலவு பெரிதல்ல. எட்டுக்கு நாலு பலகை ஒன்றில் ஓர் ஆள் தாராளமாகக் கால் நீட்டலாம்.