அறுபது அடி

கராஜ் பரணில் ஒரு ஜோடி பழைய கான்வாஸ் ஷூ கிடக்கிறது. அடிப்பாகம் கன்னங்கரேலென்று, பொடிக்கல் பதிந்து கரடுமுரடாக இருக்கும். அது தார் இல்லை, ரப்பர். இங்கிலிஷ்டவுனில் ரேஸ் தொடங்கும் கோட்டருகே நின்ற எல்லோருடைய காலிலும் அது ஒட்டிக்கொள்ளும். பலாச்சுளை எடுத்த கைபோல அந்தத் தரை விடாமல் பிடிக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் ஷூவைப் பிய்த்தெடுக்க வேண்டும். லேஸைத் தளர்வாகக் கட்டியிருந்தால் கால் மட்டும் வெளியே வந்துவிடும்.

நியூ ஜெர்சியில் எடிசனில் குடியிருந்த காலம். ஓக் ட்ரீ ரோட்டில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வாங்கி வீட்டில் போட்டுவிட்டு, 18-ஆம் எண் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் பொழுது சாய்வதற்குள் அங்கே சேர்ந்துவிடலாம். ஓல்ட் பிரிட்ஜ் டவுன்ஷிப் ரேஸ்வே பார்க் என்பது முழுப்பெயர். நேப் குடும்பத்தார் 1965-இல் திறந்தது. 1977 செப்டம்பரில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு அங்கே பாடியபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்களாம். நான் பார்த்த மாலைகளில் அவ்வளவு கூட்டமில்லை. சாலையில் ஓடும் வண்டியை அப்படியே கொண்டுவந்து, பணம் கட்டி, கால் மைல் தூரம் ஓட்டிப் பார்க்கிறவர்களின் வரிசை மட்டும் இருக்கும். பெட்ரோல் வாசம், தீய்ந்த ரப்பர் வாசம், எங்கோ வெங்காயம் வதங்கும் வாசம்.

என்னுடையது 2001-ஆம் வருஷத்து கார்வெட். 350 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். பின் டயரின் அகலம் 275 மில்லிமீட்டர். இவ்வளவு இருந்தும் முதல் நாள் பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி போகவில்லை. டயர் சுற்றியது, புகை எழுந்தது, பின்பக்கம் ஒருபுறமாக வழுக்கியது. பக்கத்துத் தடத்தில் நின்ற பழைய பிக்கப் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓட்டம் முடிந்து கொடுத்த சீட்டில் முதல் 60 அடிக்கு 2.3 நொடி என்றிருந்தது.

அந்த 60 அடி, நம் கணக்குக்குப் பதினெட்டு மீட்டர், அதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே பத்தில் ஒரு பங்கு நொடியை மிச்சப்படுத்தினால் கால் மைல் முடிவில் அது ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். இதை எனக்குச் சொன்னவர் பழைய நோவா கார் ஒன்றை ஓட்டிவந்த வெள்ளை மீசைப் பெரியவர். எஞ்சினைப் பற்றி நான் பேச வாயெடுத்தாலே கையமர்த்திவிட்டு டயர் பக்கம் குனிவார். உள்ளங்கையை டயர்மேல் வைத்து, சூடு பார்ப்பதுபோல ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் அம்மா கைவைப்பதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

வண்டியோடு வந்திருந்த டயர் காற்றிறங்கினாலும் ஓடக்கூடிய வகை. அதன் பக்கச்சுவர் விறைப்பானது. காற்றைக் குறைத்தாலும் அது தரையில் பரவாது. சேலத்து நண்பன் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், இன்னும் ரெண்டு பவுண்டு எறக்கிடவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எத்தனை இறக்கியும் பலனில்லை. அடுத்த வருஷம் ரேஸுக்கென்றே செய்த மென்மையான ரேடியல் டயர் இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டினோம். இருபது பவுண்டுக்குக் காற்றை இறக்கினால், கிளம்பும் வேகத்தில் அதன் பக்கச்சுவர் சுருங்கி மடிந்து, தரையை அப்பிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தையும் அந்தப் பெரியவர்தான் சொன்னார். கோட்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் தரையை நனைத்து வைத்திருப்பார்கள். பட்டையில்லாத மொட்டை டயர்க்காரர்கள் அதில் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்வார்கள். சாலை டயரோடு வந்தவன் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஏறிவிட்டால் கோட்டில் நிற்கும்போது அது சொட்டும். வழுக்குவது நீ மட்டுமில்லை, உனக்குப் பின்னால் வருகிறவனும்தான் என்பார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

காரணம், அந்தத் தரை யாரோ ஒருவருடையது இல்லை. பிசின் போன்ற ஒரு மருந்தைத் தெளிப்பார்கள். டிராக்டரில் டயர்களைக் கட்டி இழுத்து ரப்பரைத் தேய்த்துத் தேய்த்துப் படியவைப்பார்கள். அதன்மேல் ஒவ்வொரு வண்டியும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய படலத்தை விட்டுப் போகும். என் வண்டி 1.85 நொடியில் 60 அடி போன மாலையில், என் டயர் பிடித்தது எனக்கு முன்னால் போன நூறு பேர் விட்டுச்சென்ற ரப்பரைத்தான். அன்று கால் மைலுக்கு 12.9 நொடி. நண்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

டயரை மாற்றியதும் எல்லாம் கைகூடிவிடவில்லை. "நீ உதைக்கிறாய். உதைக்காதே, தள்ளு" என்பார் பெரியவர். கிளட்சைச் சட்டென்று விட்டால் டயர் அதிர்ந்து பிடியை இழக்கும். ஒருமுறை இழந்தால், வழுக்கும் ரப்பருக்கு நிற்கும் ரப்பரின் பிடி திரும்ப வராது. காலை அங்குலம் அங்குலமாக விட்டு, வண்டியின் எடை பின்னால் சாய்ந்து டயர்மேல் அமர அவகாசம் கொடுக்க வேண்டும். அமர்ந்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கலாம். மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் மூன்று எரிந்து பச்சை வருவதற்குள் இதையெல்லாம் யோசிக்க முடியாது. இடது கால்தான் கற்க வேண்டும். என் காலுக்கு இரண்டு கோடை தேவைப்பட்டது.

நடுவில் ஒருநாள் பின்சக்கரம் துள்ள ஆரம்பித்தது. பிடிப்பதும் விடுவதும், பிடிப்பதும் விடுவதுமாக வண்டியே கிடுகிடுவென்று ஆடும். அந்தக் கணமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. ஆக்சில் முறிந்த சத்தம் பார்வையாளர் பலகைவரை கேட்டதாம். "காலை எடுடான்னு கத்தினேனே" என்று நண்பன் அழாத குறையாகச் சொன்னான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் தள்ள முதல் ஆளாக வந்து கைகொடுத்தார்.

2008 ஜூன் 21 அன்று அதே தடத்தில் டிராக் ரேஸ் வீரர் ஸ்காட் கலிட்டா இறந்தார். எஞ்சின் வெடித்து, பாராசூட் வேலை செய்யாமல், தடத்தின் கோடியிலிருந்த மணலையும் தாண்டிப் போய்விட்டது வண்டி. அதற்குப் பிறகு, நைட்ரோ எரிபொருளில் ஓடும் அவர் வண்டி போன்றவற்றுக்குத் தூரத்தைக் கால் மைலிலிருந்து ஆயிரம் அடியாகக் குறைத்தார்கள். அதன்பின் அங்கே நான் ஓட்டும்போதெல்லாம் கோட்டைக் கடந்ததும் அந்தக் கோடியை ஒருமுறை பார்ப்பேன்.

நண்பன் ஊருக்குத் திரும்பிவிட்டான். பெரியவர் ஒரு வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. கேட்க எனக்கு அவருடைய முழுப்பெயர்கூடத் தெரியாது. 2018 ஜனவரி நடுவில் செய்தி வந்தது: இங்கிலிஷ்டவுனில் இனி டிராக் ரேஸ் இல்லை. மற்ற பந்தயங்கள் தொடர்ந்தன, அந்த நேர்த்தடம் மட்டும் போயிற்று. 2023-இல் தெற்கே இருந்த ஆட்கோ தடமும் மூடப்பட்டது. வேறு ஊர்களில் தடங்கள் உண்டு, போயும் பார்த்தேன். நல்ல தடங்கள்தான். கோட்டருகே நின்றால் ஷூ ஒட்டத்தான் செய்தது. ஆனால் அது எனக்குத் தெரிந்தவர்களின் ரப்பர் இல்லை.

கடைசியாக அங்கே ஓட்டியது 2017 அக்டோபரில். அதுதான் கடைசி என்று தெரியாது. இரண்டு முறைதான் ஓட முடிந்தது. இருட்டியதும் குளிர் ஏறி, தடத்தில் பனி இறங்கத் தொடங்கியது. ஈரம் பட்டால் அந்த ஒட்டுத்தரை கண்ணாடிபோல ஆகிவிடும் என்பதால் நிறுத்திவிட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. டயருக்குக் காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சூடு ஆறாத ரப்பர் வாசலிலிருந்த சரளையையெல்லாம் அள்ளிக்கொண்டது. 18-ஆம் எண் சாலை முழுக்க அந்தக் கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மட்கார்டில் தட்டிக்கொண்டே வந்தன. எடிசனில் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதும் ஒன்றிரண்டு தட்டின.